எழுந்து நின்ற தேங்காய்

லாட்டரிச் சீட்டுக்குத் தடை வந்த வருஷம் பெரம்பலூர்ப் பக்கம் மழையும் வரவில்லை. எல்லார் கிணறும் வற்றியது. சிவசுப்பிரமணியனுக்கு மட்டும் ஊற்றுத் திறந்தது. பஸ் ஸ்டாண்டில் சீட்டு விற்றவர், தாடி வளர்ந்ததும் தேங்காய்ச் சாமி ஆனார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடப்பார். அது எழுந்து நிற்கிற இடத்தில் நீரோட்டம்.

முதலில் செல்லமுத்துவின் கொல்லைக்காட்டில் எழுந்து நின்றது. போர்வெல் போட்டார்கள், தண்ணீர் பீறிட்டது. மறுநாளே சாமி வாசலில் வண்டிகள் வரிசை கட்டின. அடுத்து ராசாங்கம் கொல்லை. ஐந்நூறு அடி போயும் புழுதிதான். கூலிக்கு அந்தப் புழுதியை அள்ளிக் கொட்டியவன் நான். இருமல் இன்னும் போகவில்லை. சாமி கலங்கவில்லை.

"வூட்டுல யாரோ தீட்டோட கொல்லையில கால் வச்சிருக்காங்க. கங்கை கோவிச்சுக்கிட்டா."

ஊர், ராசாங்கத்தின் மருமகளை முறைத்தது. தண்ணீர் வந்தால் சாமி, வராவிட்டால் மருமகள். சீட்டு விற்றபோதும் இதே தொழில்தான்: பரிசு விழுந்தவன் பெயரைக் கத்துவார், விழாதவன் பெயரை விட்டுவிடுவார்.

எங்கள் ஊரில் மூன்றாவது, ராசாங்கத்துக்குப் பக்கத்துக் கொல்லைக்காரி பஞ்சவர்ணம். புருஷன் இல்லாதவள். இரண்டு கறவை மாடு. அந்தப் பாலில்தான் மகள் மலர்க்கொடி பத்தாவது படிக்கிறாள். மாட்டை விற்றுப் போர் போடுவதாக முடிவு. தரகர் கயிற்றோடு வந்து உட்கார்ந்துவிட்டார். போர் பொய்த்தால் படிப்பும் போச்சு.

ஊரே கொல்லையில் கூடியது. கிழக்கு மூலையில் தேங்காய் எழுந்தது. சாமி காலால் கோடு கிழித்தார்.

"இங்கதான். ஒரு முழம் தள்ளுனாலும் பாறை."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தரகர் எழுந்தார்.

மலர்க்கொடி குறுக்கே வந்தாள். அவள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கண்ணகி டீச்சர் ஒரே பாடம்தான் நடத்துவார்: முடிவெடுக்குமுன் சோதித்துப் பார். அதற்கு மார்க் கிடையாது. ஆகவே ஊரில் மதிப்பும் கிடையாது.

"சாமி, கண்ணைக் கட்டிக்கிட்டு இன்னொரு நடை நடங்க. இதே எடத்துல நின்னா மாட்ட அவுத்து விடுறோம்."

"வாயை மூடுடி!" என்றாள் பஞ்சவர்ணம்.

"தெய்வத்தச் சோதிக்கக் கூடாது பாப்பா" என்றார் சாமி.

"தண்ணியப் பாக்குறது தேங்காதானே சாமி? உங்க கண்ணு எதுக்கு?"

யாரோ சிரித்தார்கள். ராசாங்கம் தோளிலிருந்த துண்டை உருவினார்.

"இந்தா பாப்பா, கட்டு. என் மருமவ தெருவுல தலை காட்டி ஆறு மாசம் ஆச்சு."

கட்டி, மூன்று சுற்றுச் சுற்றி விட்டார்கள். முதலில் வைக்கோல்போர் ஓரம் எழுந்தது தேங்காய். "இது கிளை ஓட்டம்" என்று சமாளித்தார். இன்னொரு சுற்று. வரப்பில் தடுக்கி, கைத்தாங்கலாக அடுத்த கொல்லைக்குள் இறங்கினார். நாலு எட்டு வைத்தார். தேங்காய் விறைப்பாக நின்றது.

"இதான் தலையூத்து! எரநூறு அடியில கங்கை!"

ராசாங்கம் குனிந்து மண்ணைத் தள்ளினார். பலகைக்கல். அதன் கீழே குழி. ஒரு கூழாங்கல்லை உள்ளே போட்டார். வெகுநேரம் கழித்து வறட்டுச் சத்தம் வந்தது.

"ஐந்நூறு அடி சாமி. போன தடவ நீங்க காட்டுனதுதான்."

கண்கட்டை அவிழ்த்த சாமி திருதிருவென்று விழித்தார். "தீட்டு... யாரோ..."

"யாரு சாமி? இன்னிக்கு இந்தக் கொல்லையில மொதல்ல கால் வச்சது நீங்கதான்" என்றார் ராசாங்கம்.

மலர்க்கொடி தேங்காயை வாங்கித் தன் கையில் படுக்க வைத்தாள். விரலை லேசாக மடக்கினாள், எழுந்தது. தரகர் காலடியில் ஒரு தடவை. சாமியின் டிவிஎஸ் சீட்டின்மேல் ஒரு தடவை.

"வண்டியிலயும் போர் போடலாம்போல!" என்றது ஒரு குரல்.

செல்லமுத்துவுக்கு மனம் ஆறவில்லை. "எனக்கு மட்டும் வந்துச்சேம்மா?"

"உங்க கொல்லை ஏரிக்கரையில இருக்கு மாமா. எங்க குத்துனாலும் வரும்."

தரகர் வெறுங்கயிற்றோடு போனார். பஞ்சவர்ணம் பால் கறக்கப் போனாள். சாமி விட்டுப்போன தேங்காய் சட்னியானது; அது உருப்படியாகச் செய்த ஒரே வேலை.

இப்போது வேப்பங்குச்சியோடு நீரோட்டம் பார்க்க இன்னொருவர் கிளம்பியிருக்கிறாராம். வரட்டும். ராசாங்கத்தின் துண்டு கொடியில்தான் காய்கிறது. இத்தனை நாள் நம் கண்ணைக் கட்டிக்கொண்டு நின்றோம். இனி வருகிறவன் கண்ணைக் கட்டிப் பார்ப்போம்.