கல்லூரி மாடியில் நான் பார்த்த வாட்டம்

மூன்று மாடி உயரச் சாரத்தில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு பூச்சு வேலை செய்திருக்கிறேன், பயந்ததில்லை. ஆனால் நாலு பேர் சேர்ந்தாற்போல என்னைப் பார்த்தால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். (என் கல்யாணத்தில் என் கை நடுங்கிய நடுக்கத்தில் தாலியின் முதல் முடிச்சையும் என் அக்காதான் போட்டாள் என்று என் மனைவி செல்வி இன்றைக்கும் சொல்வாள். நான் மறுத்துப் பேசியதில்லை.)

நான் பாகூர் பக்கத்துக் கொத்தனார். படிப்பு பத்தாவது. என் மகள் பவித்ரா அப்போது கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்து இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"ப்பா, என் செமினாருக்கு நீ வரணும்."

"இன்னாத்துக்கு? எதனா தப்பு பண்ணிட்டியா?"

"நீ தளத்துக்கு வாட்டம் பாக்குற இல்ல, அதத்தான் நாங்க பாடமா படிக்கிறோம். மேடம் உன்னையே கூட்டியாந்து செஞ்சு காட்டச் சொன்னாங்க. இருபது மார்க்குபா."

மொட்டை மாடியில் மழைத் தண்ணீர் தேங்காமல் குழாய்ப் பக்கம் ஓடும்படி, தளத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் சரித்துப் போடுவதற்குத்தான் வாட்டம் என்று பெயர். மூன்றடிப் பலகையைத் தளத்தில் வைத்து, மேலே ரசமட்டத்தை வைத்து, குமிழ் நடுவில் நிற்கும்வரை பலகையின் ஒரு முனையைத் தூக்குவேன். முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளிதான் அந்தப் பக்கத்துச் சரிவு. கிழக்கே ஒரு தரம், தெற்கே ஒரு தரம். இரண்டு அளவு தெரிந்தால் அந்த இடத்தில் தண்ணீர் எந்தத் திசையில் ஓடும் என்று சொல்லிவிடலாம்.

"அதுக்குத்தான் கிரேடியன்ட்னு பேரு" என்றாள் பவித்ரா. "ஆனா அது ரொம்பச் செங்குத்தா மேல ஏறுற பக்கத்தக் காட்டும். தண்ணி அதுக்கு நேர் எதிர்ல போவும்."

படித்தவர்கள் ஏறுகிற பக்கம் பார்க்கிறார்கள், நாங்கள் வடிகிற பக்கம் பார்க்கிறோம், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் அதோடு விடவில்லை. செல்வி சாம்பாருக்கு வைத்திருந்த பூசணிக்காயை எடுத்து, அதன் மேல் என் பலகையைச் சாய்த்து வைத்தாள். "பாரு, பலக ஒரே எடத்துலதான் தொடுது. அந்த எடத்துல நிக்கிற எறும்புக்குக் காயும் பலகையும் ஒண்ணுதான். கொஞ்சம் தள்ளிப் போனா காய் வளைஞ்சிடும், பலக நேரா போயிடும். இந்தப் பலகதான் தொடுதளம்."

"அந்த எறும்பு இருக்கட்டும், காயக் குடு" என்று செல்வி பிடுங்கிக்கொண்டு போனாள். நான் தலையாட்டினேன். புரியாத இடத்தில் தலையாட்டுவது மேஸ்திரியிடம் நான் கற்ற முதல் பாடம்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. மார்க் போவது ஒரு பக்கம். 'இவளோட அப்பா இவ்ளோதானா' என்று கூடப் படிக்கிற பிள்ளைகள் சிரித்துவிட்டால்? செமினார் அன்று பஸ் கரிக்கலாம்பாக்கம் தாண்டுவதற்குள் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்து முடித்திருந்தேன். அதனால் வந்த இன்னொரு சங்கடத்தையும் அடக்கிக்கொண்டுதான் கல்லூரி மாடிப்படி ஏறினேன்.

மேலே அறுபது பிள்ளைகள். நூற்றிருபது கண்கள். நடுவில் நாற்காலியில் கணக்கு மேடம். அவர் சிரிக்காமல் வணக்கம் சொன்னதில் என் பலகை கைநழுவி என் கால் கட்டைவிரல் மேலேயே விழுந்தது. வலித்தது, கத்துவதற்குக் கூச்சமாக இருந்ததால் கத்தவில்லை.

அடுத்தவர் போட்ட தளம் என்றால் நான் முதலில் செய்கிற வேலை, மக்கில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தளம் முழுக்க நடந்து, அஞ்சு அடிக்கு ஒரு தரம் ஊற்றிப் பார்ப்பது. ஆனால் அத்தனை பேர் முன்னால் நடப்பதா? கால்கள் மறுத்துவிட்டன. நின்ற இடத்திலேயே குத்துக்காலிட்டு, இரண்டு அளவு எடுத்தேன். கிழக்கே அரை இன்ச், தெற்கே கால் இன்ச். கிழக்கே இரண்டடி போனால் தெற்கே ஓரடி. அந்தக் கணக்கில் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தேன்.

நாலடியில் நிறுத்தியிருக்கலாம். சீக்கிரம் முடித்துவிட்டு ஓடவேண்டும் என்ற பயத்தில், தலை நிமிராமல் தவழ்ந்துகொண்டே முப்பதடி தள்ளியிருந்த கைப்பிடிச் சுவர்வரை நேராக இழுத்துவிட்டேன்.

"தண்ணி இந்தக் கோட்டுலதான் போகுமா?" என்று கேட்டார் மேடம்.

"கோடு தாண்டாதுங்க மேடம்" என்றேன். வாயிலிருந்து இவ்வளவு கணீரென்று குரல் வந்ததில் நானே பயந்துபோனேன்.

பயந்தவன் அதோடாவது நின்றிருக்கவேண்டும். கோட்டை ஒட்டி மேடம் வைத்திருந்த விடைத்தாள் கட்டைப் பார்த்தேன். "நனைஞ்சிடப்போவுது" என்று அதைத் தூக்கிப்போய், தெற்கே தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்தேன். மேடத்தின் நாற்காலியையும் அங்கேயே போட்டேன். "இங்க ஒரு சொட்டு வராதுங்க."

(அவ்வளவு பெரிய தொட்டியை வருஷக்கணக்காகச் சுமக்கிற தளம் அந்தப் பக்கம் அமுங்கியிருக்கும் என்று எந்தச் சித்தாளைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள்.)

ஒரு மக் ஊற்றவேண்டிய இடத்தில், அவசரத்தில் பக்கத்திலிருந்த வாளியையே கவிழ்த்துவிட்டேன்.

முதல் நாலடிக்குத் தண்ணீர் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு அழகாகப் போனது. பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குக் கண்கூடக் கலங்கியது. ஆறாவது அடியில் தண்ணீர் கொஞ்சம் யோசித்தது. எட்டாவது அடியில், வீட்டு ஞாபகம் வந்த மாடு மாதிரி, தெற்கே திரும்பியது.

"மேடம், கால எடுங்க! கால எடுங்க!" என்று ஒரு பெண் கத்தினாள்.

எங்கள் ஊரில் மடை உடைத்துக்கொண்டால் யாரும் யோசிப்பதில்லை; கையில் மண்வெட்டி இல்லையென்றால் ஆளே குறுக்கே உட்கார்ந்துவிடுவோம். அந்தப் பழக்கம்தான். ஓடிப்போய் விடைத்தாள் கட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் தொப்பென்று உட்கார்ந்தேன். செல்வி தேய்த்துக் கொடுத்த புது வேட்டி தண்ணீரைக் குடித்தது. என்னைச் சுற்றிக்கொண்டு போன மிச்சத் தண்ணீரில் கட்டின் ஓரம் நனைந்தது. மேடம் செருப்போடு நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்திருந்தார்.

நான் எழுந்திருக்கவில்லை. நனைந்த வேட்டியோடு அறுபது பேர் முன்னால் எப்படி எழுவது? மகள் முகத்தைப் பார்க்கப் பயந்து, இடுப்பில் செருகியிருந்த ரசமட்டத்தைக் கையில் எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் குமிழ்கூட நடுங்கியது.

அப்போது சாக்பீஸ் உரசும் சத்தம் கேட்டது. பவித்ரா என் கோட்டில் நாலாவது அடியில் ஒரு குறி போட்டாள்.

"இதுவரைக்கும் அப்பா சொன்னதும் தண்ணி போனதும் ஒண்ணு" என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது, என் மகள்தானே. "அவரு அளந்தது அவரு நின்ன எடத்த மட்டும். அந்த எடத்துத் தொடுதளத்த அப்படியே முப்பதடிக்கு நீட்டிட்டாரு. ஆனா தளம் வளையுது. தள்ளிப் போகப் போக ரெண்டுக்கும் வித்தியாசம் ஏறும். இதோ," என்று என்னைக் கை காட்டினாள், "இவ்ளோ ஏறும்."

மேடம் காலை இறக்காமலே கேட்டார்: "உங்க அப்பா இதக் காட்டத்தான் வேணும்னே அப்படிச் செஞ்சாரா?"

ஆமாம் என்று சொல்லிவிடு, தாயே என்று வேண்டிக்கொண்டேன்.

பவித்ரா என்னைப் பார்த்தாள். "இல்ல மேடம். பயத்துல செஞ்சிட்டாரு."

மேடம் அப்போதுதான் சிரித்தார். பிறகு மாடி முழுக்கச் சிரித்தது. ஆனால் ஒரு பையன் வந்து என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். இன்னொருவன் துண்டு கொடுத்தான். இருபதுக்குப் பதினெட்டு. இரண்டு மார்க்கை ஏன் குறைத்தார் என்று பவித்ரா கேட்டதற்கு, "அந்தக் கோடு எத்தனை அடி வரைக்கும் செல்லுபடியாகும்னு முதல்லயே சொல்லல" என்றாராம் மேடம்.

இந்த விஷயம் செல்விக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்துவிட்டது. 'இனிமே மழ வராது, துணியக் காயப்போடு' என்று நான் சொன்னால், "எத்தினி அடிக்கு?" என்பாள். 'மாப்ள ரொம்ப நல்லவன்' என்று யாரையாவது சொன்னாலும் அதே கேள்விதான். என் தம்பி, சம்பந்தமில்லாத பால்காரர் வரைக்கும் கேட்கிறார்கள்.

போன ஆனியில் பவித்ரா வேலை கிடைத்து வெளியூர் கிளம்பினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள் முகம் வெளுத்திருந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்தான். சன்னலுக்குக் கீழே நின்று, "பயப்படாத பாப்பா. நீ நல்லா இருப்ப" என்றேன்.

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எத்தினி அடிக்குப்பா?" என்று சத்தமாகக் கேட்டாள்.

மொத்த பஸ்ஸும் திரும்பி என்னைப் பார்த்தது. பதில் இருந்தது. நாக்குத்தான் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.