தென்னங்கிரகணம்

ஏதாவது ஒன்றில் பைத்தியமாகத் திரிகிறவனுக்கு ஒரு விஷயம் மட்டும் புரியவே புரியாது. எதிராளி "அப்படிங்களா?" என்று கேட்டால் அது மரியாதைக்குக் கேட்டது. விளக்கம் சொல்லச் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் கொங்குப் பக்கத்தில் இந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல். அந்த "அப்படிங்களா"வில் அவ்வளவு இனிப்பு இருக்கும். அதை நம்பி எத்தனையோ பேரை நிற்கவைத்துப் பேசியிருக்கிறேன். எனக்கு இது உறைக்க ஒரு தலை தீபாவளி ஆயிற்று.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் சூப்பர்வைசர். கணபதியில் வாடகை வீடு. சும்மா உட்கார வராது எனக்கு. ஒரு வருடம் மீன் தொட்டி. (மீன்கள் சீக்கிரமே விடைபெற்றுக்கொண்டன.) அடுத்த வருடம் சிற்றலை ரேடியோ, தெரியாத பாஷையில் யாரோ செய்தி வாசிக்க, மொட்டை மாடியில் கம்பி கட்டி உட்கார்ந்து கேட்பேன். அதற்கடுத்து டவுன்ஹால் பக்கம் பழைய புத்தகக் கடையில், தொலைநோக்கி செய்வது எப்படி என்று ஒரு புத்தகம் கிடைத்தது. அதோடு என் நிம்மதியும் போயிற்று, அக்கம்பக்கத்தார் நிம்மதியும் போயிற்று.

தொலைநோக்கிக்கு உயிர் அதன் குழி ஆடிதான். தடித்த வட்டக் கண்ணாடி இரண்டை எடுத்து, ஒன்றை பீப்பாயின் தலையில் பதித்து, நடுவில் அரைப்பொடியும் தண்ணீரும் விட்டு, மற்றதை அதன்மேல் வைத்துத் தேய்க்க வேண்டும். தேய்த்துக்கொண்டே பீப்பாயைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். மாதக்கணக்கில் நடந்தேன். வீட்டுக்காரர் தினமும் படியேறி வந்து பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "எந்த ஜோசியருங்க இந்தப் பரிகாரம் சொன்னது?" என்று கேட்டார்.

இந்த நடை பாதியில் இருக்கும்போதுதான் எனக்கும் சுமதிக்கும் கல்யாணம் நடந்தது. அவள் கோபிசெட்டிபாளையத்துப் பெண். புதுப்பெண்டாட்டியை சினிமாவுக்குக் கூட்டிப்போகாமல் பீப்பாயைச் சுற்றுகிறவனைப் பற்றி அவள் தன் அம்மாவுக்கு என்ன எழுதினாளோ தெரியாது. ஆனால் குழாய் பொருத்தி முதன்முதலாக நிலாவைக் காட்டிய சாயங்காலம், நெடுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு, "அம்மைத் தழும்பாட்ட இருக்குதுங்க" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த வருடம் தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம். நம் ஊரில் முழுதாக மறையாது, பாதிக்குக் கொஞ்சம் மேலே மறையும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். எங்களுக்கோ அது தலை தீபாவளி. மாமனார் நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டுப் போயிருந்தார். போகாமலும் இருக்க முடியாது, கிரகணத்தை விடவும் முடியாது. ஆகவே தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்தேன்.

குழாய் என்று சொன்னது ஆளுயர பி.வி.சி. பைப். பண்டிகைக் கூட்டத்தில் அதை கோபி பஸ்ஸில் ஏற்றிய கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட்டதோடு விடாமல், வழியெல்லாம் போர் எத்தனை அடி போட்டீர்கள், தண்ணீர் வந்ததா என்று விசாரித்துக்கொண்டே வந்தார். சுமதி அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். அவள் ஜன்னலோரம் தலை சாய்த்துக்கொண்டு, என்னைத் தெரியாதவள்போல வந்தாள்.

மாமனார் கோபியில் இரும்புக்கடை வைத்திருந்தவர். ஊர்க்கோடியில் பழைய ஓட்டு வீடு, சுற்றிலும் தென்னந்தோப்பு, கிழக்கே ஒரு வாய்க்கால், அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரை நெல் வயல். வாசலில் இறங்கிய என்னையும் பைப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாங்க மாப்ள. இதென்னுங்க, நம்ம கடையிலயே இல்லாத பைப்பா?" என்றார்.

நான் தின்பண்டத்தட்டு வருவதற்கு முன்பே விளக்க ஆரம்பித்துவிட்டேன். "அப்படிங்களா" என்றார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. குழி ஆடி, குவியம், சந்திரனின் பாதை என்று காபி ஆறும்வரை பேசினேன்.

அங்கே எனக்கு முன்பே என் சகலை வந்திருந்தார். சுமதியின் அக்கா வீட்டுக்காரர், தாராபுரத்தில் அரிசி மில். அவரைப்போல அமைதியான மனிதரை நான் பார்த்ததில்லை. உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருவார், போட்டதைச் சாப்பிடுவார், கேட்டால் பதில் சொல்லுவார். மூத்த மாப்பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அந்த வீட்டில் எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. நானோ தீபாவளியன்று எண்ணெய் தேய்த்த தலையோடு வாசலுக்கு ஓடி மேகம் பார்த்தேன். இலையில் இட்லி வைக்கும்போது எழுந்து ஓடி மேகம் பார்த்தேன். பட்டாசுப் புகை வானத்தை மறைக்கிறது என்று தெருப் பிள்ளைகளிடம் போய் நியாயம் பேசினேன். (பண்டிகை நாளில், புது மாப்பிள்ளை, பட்டு வேட்டியோடு.)

மாமியார் இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்தார். என்னிடம் நேராகப் பேச மாட்டார். சுமதியிடம் சொல்வதுபோல எனக்குச் சொல்லுவார். சாயங்காலம் அப்படித்தான் தீர்ப்பு வந்தது.

"அம்மணி, நாளைக்குக் காலைல கிரகணம் உடற வரைக்கும் நீ கெழக்கால ரூம்ப உட்டு வெளிய வரக்கூடாது. சன்னலெல்லாம் சாத்திப்போடுவேன். மாப்பிள்ளைக்கும் சொல்லிப்போடு."

நான் பொங்கினேன். கிரகணம் வெறும் நிழல், நிழல் வயிற்றுப்பிள்ளையை ஒன்றும் செய்யாது என்று ஒரு பிரசங்கம் செய்தேன். மாமியார் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. மாமா கூரையைப் பார்த்தார். சகலை முறுக்கைச் சத்தமில்லாமல் கடித்தார். கடைசியில் சுமதிதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உடுங்க. எனக்காகவும் சேத்திப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. ஆனா ஒழுங்காப் பாருங்க" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையில் ஒரு கவலை தெரிந்தது. அவள் மானமும் என் கையில்தான் இருந்தது.

விடிந்தது. வானத்தில் திட்டுத்திட்டாக மேகம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலில் முக்காலியைப் போட்டு, குழாயைக் கிழக்கே திருப்பி, கண்வைக்கும் இடத்துக்கு நேரே வெள்ளை அட்டையைப் பிடிக்க ஏற்பாடு செய்தேன். சூரியனை நேராகப் பார்த்தால் கண் போய்விடும். அட்டையில் விழும் பிம்பத்தைத்தான் பார்க்க வேண்டும். மாமா, பெருமையிலோ இரக்கத்திலோ, பக்கத்து வீடுகளில் சொல்லி வைத்திருந்தார். ஆண்களாகப் பதினைந்து இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். உள்ளே கிழக்கு அறையின் ஜன்னல் கதவுகளை மாமியார் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

ஏழரை மணி வாக்கில் தொடங்கும் என்று பேப்பரில் இருந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மேகம் விலகியது. அட்டையில் பளீரென்று ஒரு வெள்ளை வட்டம் விழுந்தது. அதன் ஓரத்தில், பணியாரத்தை ஒரு கடி கடித்ததுபோல, ஒரு கறுப்பு.

"பாருங்க, தொடங்கியாச்சு. இதுதானுங்க சந்திரன்" என்றேன்.

கூட்டம் நெருங்கியது. சகலை தன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பேப்பர்ல ஏழரைன்னு போட்டிருந்துதுங்களே" என்றார் மெதுவாக.

"அது மெட்ராஸ் நேரமுங்க. நம்மூருக்கு முந்தியே வரும்" என்றேன். (அப்படி எதுவும் கிடையாது. அந்த நிமிடத்தில் நானே உண்டாக்கினேன்.)

ஓரம் ஏன் மங்கலாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். சந்திரனில் மலைகள் இருப்பதால் அப்படி என்றேன். கடி பெரிதாகியது. சந்திரன் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று விவரித்தேன். கடி சிறிதாகியது. அதற்கும் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, ஆனால் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டது நினைவிருக்கிறது. பெருமையில் எனக்கு மூச்சு முட்டியது. மூத்த மாப்பிள்ளையால் இது முடியுமா என்று மனதுக்குள் ஒரு கேள்வியும் கேட்டுக்கொண்டேன்.

அப்போது வாய்க்கால் பக்கமிருந்து காற்று வீசியது. அட்டையில் சந்திரன் ஆடியது. ஆடிவிட்டு நீள நீளமாகப் பிரிந்தது.

சகலை அட்டையைக் கூர்ந்து பார்த்தார். பிறகு, மிகுந்த மரியாதையோடு, சந்தேகம் கேட்கிற மாணவனைப்போல என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, நெலாவுக்கு வெரல் இருக்குதுங்களா?"

எல்லோரும் கிழக்கே பார்த்தார்கள். தோப்புக் கோடியில் ஒரு தென்னை, தன் மட்டையைச் சூரியனுக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றது. மட்டை மறுபடியும் ஒருதரம் ஆடிக் காட்டியது. யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. எங்கள் ஊர் மரியாதை அப்படி. ஆனால் பதினைந்து இருபது பேர் ஒரே நேரத்தில் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதோடு உள்ளே போய் படுத்திருக்கலாம். எனக்குத்தான் சும்மா இருக்க வராதே. வாய்க்காலுக்கு அந்தப்புறம் வயல்வெளி, மரமே கிடையாது, அங்கே போனால் இன்னும் நேரம் இருக்கிறது என்று பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். முக்காலியோடு சகலை பின்னால் வந்தார். அட்டையோடு மாமா. அவர்களுக்குப் பின்னால் மொத்தக் கூட்டமும். இனிமேல்தான் நிகழ்ச்சியே என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

வாய்க்காலுக்குப் பாலம் என்பது குறுக்கே போட்டிருந்த ஒரு தென்னை மரம். அன்றைக்கு எனக்கும் தென்னைக்கும் ஆகவில்லை. பாதி தூரத்தில் புது வேட்டி தடுக்கியது. நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். பைப் என் தோளை விட்டு மிதந்து, பவானிசாகர் அணைத் தண்ணீரோடு நிதானமாகக் கிளம்பியது. அதற்குள் என் ஆடி. எத்தனை மாத நடை. நான் கத்தினேனா, அழுதேனா, தெரியாது.

அப்போதுதான் சகலையின் மறுபக்கத்தைப் பார்த்தேன். அந்த அமைதியான மனிதர் முக்காலியைக் கீழே போட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, கரையோடு ஓட ஆரம்பித்தார். கூட்டமும் ஓடியது. பைப் மதகை நெருங்கும்போது தண்ணீரில் குதித்து அதைக் கட்டிப்பிடித்தார். கரையேற்றினோம். ஆடியில் ஒரே சேறு, ஓரத்தில் சின்னதாக ஒரு சில்லு போயிருந்தது, ஆனால் உடையவில்லை. வயல் வரப்பில் உட்கார்ந்து துண்டை நனைத்து நனைத்து ஒற்றினேன். சகலை பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். வெயில் ஏனோ மங்கலாக இருந்தது. மேகமாக இருக்கும் என்று நினைத்தோம். ஒருவர்கூட தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. எல்லாம் துடைத்து, பூட்டி, முக்காலியில் ஏற்றியபோது உண்மையான மேகம் வந்து கிழக்கை மூடியது. அது மத்தியானம்வரை விலகவில்லை.

வேட்டியிலிருந்து சேறு சொட்ட வீட்டுக்குத் திரும்பினேன். சுமதிக்கு என்ன சொல்லுவது என்று வழியெல்லாம் யோசித்தேன். கிழக்கு அறையில் பெண்கள் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மாமியார் முகத்தில் நான் அதுவரை பார்க்காத வெளிச்சம். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? செவுரு பூராம் பிறை பிறையா உளுந்துச்சுங்க."

பழைய ஜன்னல் பலகை. கரையான் அரித்த ஊசி ஊசியான ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் கிரகணம் பிடித்த சூரியன் உள்ளே வந்து, எதிர்ச்சுவரில் சின்னச் சின்னப் பிறைகளாக விழுந்திருக்கிறது. முதலில் பார்த்தது சுமதி. பயந்துபோன மாமியாருக்கு, அது சூரியனின் பிம்பம்தான், ஒன்றும் ஆகாது என்று எடுத்துச் சொன்னதும் அவள்தான். பிறகு மாமியாரே அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட, ஆளுக்கு ஒரு பிறையைப் புடவை முந்தானையில் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். அடைத்துவைத்த அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் கிரகணத்தைப் பார்த்தார்கள். வெளியே நின்ற ஆண்கள் நாங்கள் தென்னை மட்டையைப் பார்த்தோம்.

"நீங்க பாத்தது எப்படி இருந்துதுங்க?" என்று சுமதி கேட்டாள். அவளுக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது என்று பிற்பாடு ஒப்புக்கொண்டாள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்ப அகராதியில் 'தென்னங்கிரகணம்' என்று ஒரு வார்த்தை ஏறியது. யாராவது எதையாவது அளவுக்கு மீறி அடித்துச் சொன்னால், அது தென்னங்கிரகணம். கல்யாணத் தரகர் வரன் பற்றிச் சொன்னது, கட்சிக்காரர் தேர்தலைப் பற்றிச் சொன்னது, எல்லாமே. சகலையும் நானும் அதற்குப் பின் அண்ணன் தம்பிபோல ஆகிவிட்டோம். ஆனாலும் அந்த வார்த்தையைத் தாராபுரம் முழுக்கப் பரப்பியது அவர்தான்.

சில வருடங்களுக்கு முன் மாமாவுக்கு முழங்கால் வலி என்று கோவையில் ஒரு டாக்டரிடம் நானும் சகலையும் கூட்டிப்போனோம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டி, எலும்பு ஓரத்தில் கறுப்பாகத் தெரிகிற இடத்தைக் காட்டி, இதுதான் தேய்மானம், சந்தேகமே இல்லை என்று அழுத்திச் சொன்னார். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை நன்றாகப் பார்த்தார்.

"ஏனுங்க டாக்டர், நடுவுல தென்ன மட்டை ஏதும் வல்லீங்களே?"

டாக்டர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். சகலை குனிந்து தரையைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. மருந்து வாங்கி வருகிறேன் என்று நான் எழுந்தேன். மருந்துச் சீட்டே இன்னும் எழுதவில்லை என்று டாக்டர் சொல்லச் சொல்ல வெளியே வந்துவிட்டேன். கதவு சாத்துவதற்குள் மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

"அது ஒண்ணுமில்லீங்க டாக்டர். எங்க சின்ன மாப்பிள்ளை தலை தீவாளிக்கு வந்தப்ப..."