நாற்பது பெங்குவின்கள்

முப்பத்தோராவது ஆளுக்கு என்ன கோபம் வைப்பது என்றுதான் பெங்குவினுக்கு விளங்கவில்லை.

அதுவரை உண்டாக்கிய முப்பது பேருக்கும் ஆளுக்கொரு கோபம் கொடுத்தாயிற்று. ஒருவருக்கு, அரைவேக்காட்டில் விற்பனைக்கு வரும் கம்ப்யூட்டர் கேம்கள் பிடிக்காது. இன்னொருவருக்கு, விருது வாங்கிய மறு வாரமே ஆட்களை வேலையைவிட்டு அனுப்பும் கம்பெனிகளைக் கண்டால் ஆகாது. மூன்றாமவருக்கு, காசு கொடுத்து வாங்கிய கேமை ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கிக்கொள்வது பொறுக்காது. கைவசம் இருந்த கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது. இன்னும் இரண்டு பேர் பாக்கி.

பெங்குவின் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவருடைய கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் அல்ல, அதிகம் பேர் வைத்துக்கொள்ளாத லினக்ஸ். அதன் சின்னமான பெங்குவினைக் கடைக் கதவில் பெரிதாக ஒட்டிவைத்ததால் வந்த பெயர் அது. ஐஸ்கிரீம் இருக்கிறதா என்று கேட்டு உள்ளே வந்தவர்களும் உண்டு. கேம் உலகத்தில் எந்தச் செய்தி வந்தாலும் அவருக்கு அதைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருக்கும். கண் பார்க்கும் கருவியில் தாடையை வைத்தவர் ஆடாமல் அசையாமல், வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும் அல்லவா? அந்த அபிப்பிராயங்களுக்கு அதைவிட நல்ல சபை எங்கே கிடைக்கும்? தூரப் பார்வையைச் சரிபார்க்க வந்தவர்கள், கள்ளாட்டம் பிடிக்கிறேன் என்று வீட்டு பீரோவையே திறந்து பார்க்கும் கேம் மென்பொருளைப் பற்றித் தெரிந்துகொண்டு திரும்பினார்கள்.

உடைந்த கப்பல்களைத் துறைமுகத்தில் வைத்துச் சரிசெய்யும் ஒரு கேமுக்காக அவர் இரண்டு வருடமாகக் காத்திருந்தார். செய்வது ஒரு சின்னக் கம்பெனி. லினக்ஸுக்கும் உண்டா என்று அவர்களுடைய இணையப் பக்கத்தில் கேட்டதற்கு முதலாளி இப்படி எழுதினார்: நாற்பது பேர் கையெழுத்துப் போட்டால் செய்கிறோம், ஆனால் அப்படி நாற்பது பேர் உலகத்தில் இருக்கிறார்களா என்பதே சந்தேகம்.

பெங்குவின் ஒரு கையெழுத்துப் போட்டார். அதே நாளில் இன்னும் ஏழு பேர் போட்டார்கள். சோம்பல் சிங்கம், நனைந்த தீக்குச்சி என்று என்னென்னவோ புனைபெயர்கள். முகத்துக்குப் பதில் பூனை, நாற்காலி, பழைய செருப்பு என்று படங்கள். ஆனால் எழுதியது அத்தனையும் அவர் மனசில் இருந்தது. தன்னைப்போல் இன்னும் ஏழு பேர் இந்த உலகத்தில் உண்டு என்று தெரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்று வாரம் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

ஏழோடு தாமும் சேர்ந்தால் எட்டு. பாக்கி முப்பத்திரண்டு. கடையில் கூட்டம் குறையும் மதிய நேரங்களில் அவர் பொய்ப் பெயர்களில் ஐடி உண்டாக்க ஆரம்பித்தது அப்படித்தான். முப்பத்தோராவது ஆளுக்குக் கடைசியில் கோபமே வைக்காமல் ‘நானும்’ என்று மட்டும் எழுதவைத்து, எப்படியோ எண்ணிக்கையை முடித்தார்.

முதலாளி நம்பவில்லை. இவர்கள் மனிதர்கள்தானா என்று கேட்டுவிட்டார்.

மனிதர்கள் என்றால் முகம் வேண்டும். பெங்குவின் மனைவி கடைக்கு மேல்மாடியில் தையல் வகுப்பு நடத்துகிறார். வீடும் அங்கேதான். மாணவிகள் சரியாக முப்பத்திரண்டு பேர். விண்ணப்பத்தோடு கொடுத்த புகைப்படங்கள் ஒரு கோப்பில் இருந்தன. அன்று மதியமே ‘கோபக்காரக் கொக்கு’ முதல் ‘இரும்பு மீசை’ வரை எல்லோருக்கும் பெண் முகம் வந்துவிட்டது.

முகம் சரி, எல்லோரும் ஒத்து ஊதுகிறார்களே என்றார் முதலாளி. ஆகவே பெங்குவின் ஒரு எதிரியையும் உண்டாக்க வேண்டியதாயிற்று. இருப்பவர்களில் ‘துருப்பிடித்த நங்கூரம்’ என்ற ஐடியைக் கட்சி மாற்றி, லினக்ஸுக்குக் கேம் செய்வது வீண் வேலை என்று எழுதவைத்தார். நங்கூரம் பேசிய பேச்சில் அந்த உண்மையான ஏழு பேரில் இரண்டு பேரே ஆடிப்போனார்கள். யோசித்தால் நங்கூரம் சொல்வதும் சரிதான் என்று எழுதினார்கள். மூன்று நாள் கடையை அரைகுறையாகக் கவனித்து, தன்னைத்தானே மறுத்து, தன்னிடமே தோற்று, கடைசியில் ஒருவழியாக ஜெயித்து அந்த இரண்டு பேரையும் திருப்பிக் கொண்டுவந்தார்.

அதற்குக் கிடைத்த பரிசு முதலாளியின் அறிவிப்பு. முப்பத்து மூன்று பேர் ஒரே ஊர்க்காரர்கள் என்று பக்கம் காட்டுகிறது. இப்படி ஒரு ஊரை நேரில் பார்த்தே ஆக வேண்டும். வரும் ஞாயிறு கேமை எழுதும் புரோகிராமர் வருவார். வெளியூரில் இருக்கும் ஏழு பேரும் அங்கேயே வரட்டும். நாற்பது தலையைப் படம் பிடித்துக்கொண்டு வந்தால் லினக்ஸுக்கு உண்டு. ஒன்று குறைந்தாலும் இல்லை.

இதை அவர் நாலாவது முறை படிக்கும்போது மனைவி பின்னால் வந்து நின்றிருந்தார்.

"ஏங்க, என் கிளாஸ் பொண்ணுங்க எல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல என்ன பண்றாங்க?"

"ஒரு கையெழுத்துதான்மா."

"இந்தப் பொண்ணு என்கிட்டயே வாய் திறந்து நாலு வார்த்தை பேசினதில்ல. இங்க ஊரையே திட்டித் தீர்த்திருக்கா."

"நங்கூரமா? அது நான் திட்டினது."

"யாரை?"

"என்னைத்தான்."

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டார். சிரித்தாரா என்றால், இல்லை. வீட்டு ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த அந்தக் கம்ப்யூட்டரையும் அதன் மேஜையையும் மட்டும் ஒருமுறை கண்ணால் அளந்தார்.

"பொண்ணுங்ககிட்ட நான் பேசறேன். ஆனா ஞாயித்துக்கிழமை இது ஒழுங்கா முடியலன்னா, இந்தப் பெட்டி வெளிய போகுது. என்னோட ரெண்டாவது தையல் மெஷின் இங்க வருது."

சொன்னால் செய்கிறவர்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் மேல்மாடியில் கத்தரிச் சத்தத்தோடு பாடம் நடந்தது. ஆளுக்கொரு ஐடி, ஆளுக்கொரு அபிப்பிராயம். முதலில் ஒருத்திக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு இரும்பு மீசை, வயது இருபத்திரண்டு, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்:

"அதாவது சார், கை வைக்காத சட்டையை வித்துட்டு, கை அடுத்த வருஷம் வரும், அதுக்குத் தனிக் காசுன்னு சொல்றாங்க. அதானே?"

அதேதான் என்றார் பெங்குவின்.

"அதையும் வாங்கறாங்களா?"

முன்கூட்டியே பணம் கட்டி வாங்குகிறார்கள் என்றார். இரும்பு மீசை நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். அதற்குப் பிறகு அவர் கோபம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, அடக்கத்தான் வேண்டியிருந்தது.

அவருடைய பயமெல்லாம் அந்த ஏழு பேரைப் பற்றித்தான். அவர்கள் அசல். வந்து ஒரு கேள்வி கேட்டால் போதும், சாயம் வெளுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். பத்தரை ஆயிற்று. ஏழில் ஒருவரும் வரவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டவர், பாதி மூச்சிலேயே நிறுத்தினார். அவர்கள் வராவிட்டால் தலை முப்பத்து மூன்றுதானே.

மாமனார் சோபாவில் படுத்திருந்தார். அவரை எழுப்பிச் சட்டை மாட்டி, யார் எது கேட்டாலும் நானேதான் எழுதினேன் என்று சொல்லும்படி சொல்லிவைத்தார். இன்னும் ஆறு. கீழே கடையில் பழுதுபார்க்கக் கொடுத்த கண்ணாடிகளை வாங்க ஆறு பேர் காத்திருந்தார்கள். மேலே ஒரு சின்னக் கூட்டம், அது முடிந்ததும் கண்ணாடி கைக்கு வரும் என்றார் பெங்குவின். கண்ணாடி இல்லாமல் படி எது, தெரு எது என்று தெரியாதவர்கள். என்ன செய்வார்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். மாமனாரோடு சேர்த்து எல்லோர் நெஞ்சிலும் அந்த ஏழு பேரின் புனைபெயர் அட்டைகளைக் குத்தி முன்வரிசையில் உட்காரவைத்தார். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது.

புரோகிராமர் பதினொரு மணிக்கு வந்தார். ஒல்லியான இளைஞர், தோளில் ஒரு பை. படம் எடுக்கத் தங்கையைக் கூட்டிவந்திருந்தார். பின்வரிசையிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தவர், பெங்குவினோடு சேர்த்து முப்பத்து மூன்றில் நின்று, முன்வரிசையை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று விட்டுவிட்டு, முகமெல்லாம் சிரிப்பானார். பைக்குள் கையை விட்டு ஒரு தடித்த உறையைப் பாதி வெளியே எடுத்தார்.

"மீதி ஏழு பேர் வராததப் பத்தி நான் ஒண்ணு சொல்லணும்."

"ஏன் வராம?" என்றார் பெங்குவின். "முன்வரிசைல உக்காந்திருக்காங்களே."

அந்த உறை மெதுவாகப் பைக்குள் திரும்பிப் போயிற்று. புரோகிராமர் முன்வரிசைக்கு வந்து ஒவ்வொரு அட்டையாகப் படித்தார். மாமனார் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"நீங்களா சோம்பல் சிங்கம்?"

"பொறந்ததுலேர்ந்து" என்றார் மாமனார். கொட்டாவி வேறு.

"முதல் நாள் அந்தப் பக்கத்துல எழுதினது..."

"நானேதான் எழுதினேன் தம்பி. யாரும் சொல்லித் தரல. மனசுல பட்டதை எழுதினேன்."

சொல்லிவிட்டு அவர் கையை நீட்டினார். புரோகிராமர் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தார். குலுக்கினார் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் இருந்த நனைந்த தீக்குச்சி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எப்போது முடியும் என்று கேட்டார். புரோகிராமர் ஒரு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். முகத்தில் ரத்தமில்லை.

போச்சு, கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தார் பெங்குவின். மனைவி ஹாலின் நீள அகலத்தை மனசில் கணக்குப் போடுவது அவர் முகத்திலேயே தெரிந்தது.

காப்பாற்றியது தையல் வகுப்பு. இரும்பு மீசை எழுந்து கையில்லாத சட்டையைப் பற்றிக் கேட்டாள். கொக்கு, நன்றாகத் தைத்த ஆட்களைத் துணி விற்றதும் துரத்துவது என்ன நியாயம் என்றாள். ஒருத்தி, விற்ற சட்டையைத் திரும்ப வந்து கழற்றிக்கொண்டு போகிறவர்களை என்ன செய்யலாம் என்று கேட்டபோது கையில் பெரிய கத்தரி இருந்தது. புரோகிராமர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நங்கூரம் யார், அவர் ஏன் இப்போது ஆதரிக்கிறார் என்று மட்டும் ஈனக் குரலில் விசாரித்தார்.

வாய் திறக்காத அந்தப் பெண் எழுந்து, "மனசு மாறிட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

தங்கை படம் எடுத்தாள். படம் முதலாளிக்குப் போயிற்று. ஐந்து நிமிடத்தில் பதில்: நாற்பது தலையும் சரி, லினக்ஸுக்கு உண்டு.

மேல்மாடி ஆரவாரித்தது. கண்ணாடிகள் உரியவர்களிடம் திரும்பின. மனைவி அளக்கும் நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, மேஜையைத் துடைத்தாவது வையுங்கள் என்று மட்டும் சொன்னார். பெங்குவின் அந்த நிமிடத்தில் உலகத்தையே மன்னித்துவிட்டார்.

ஒன்றுதான் உறுத்தியது. வெற்றி வந்த பிறகும் புரோகிராமர் ஒரு மூலையில் நின்று அந்த ஏழு பேரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் இருமினால் துள்ளினார். விவரம் தெரியாமல் அனுப்பக் கூடாது என்று, படியில் இறங்கிக்கொண்டிருந்த தங்கையைப் பெங்குவின் தனியாகப் பிடித்தார்.

"உங்க அண்ணனுக்கு முன்வரிசை ஆளுங்க மேல ஏதாவது சந்தேகமாம்மா?"

அவள் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சந்தேகம் இல்லங்க, பயம். நாப்பது பேர் இருக்கறதே சந்தேகம்னு முதலாளி எழுதிட்டாருன்னு அந்த ஏழு ஐடியையும் எங்கண்ணன்தான் திருட்டுத்தனமா போட்டான். வர முடியலன்னு ஏழு பேர் எழுதின மாதிரி ஏழு லெட்டர்கூட அவனே எழுதி எடுத்துட்டு வந்தான். இங்க வந்து பாத்தா, ஏழு பேரும் உசிரோட உக்காந்து கை குடுக்கறாங்க."