ராகு காலத்தை ஏமாற்றிய கூடை

எங்கள் குடும்பத்தில் என்னை எதற்கும் பொறுப்பாகப் போடுவதில்லை. கல்யாண வீடென்றால் ஒரு நாற்காலியைக் காட்டி, “நீ உக்காரு, போதும்” என்று சொல்லிவிடுவார்கள். நான் கோபித்துக்கொள்ள வழியில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு பள்ளி விடுமுறைக்குப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போக நான் செய்த ஏற்பாடு அப்படிப்பட்டது.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு வேலையிடத்தின் மூலம் கடலோர பங்களா ஒன்று கிடைத்தது. நான் ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த மேதை. (வீட்டில் இங்கிலீஷ் பேப்பர் படிப்பவள் நான் ஒருத்திதான், கேட்கவா வேண்டும்!) ஏற்பாடு முழுவதையும் நானே கையில் எடுத்துக்கொண்டேன். வெயிலுக்குப் பயந்து காலண்டர் அட்டையில் ஆளுக்கொரு விசிறி செய்தேன். கார் சீட் சுடும் என்று துண்டுகளை நனைத்து வைத்தேன். தம்பியின் தலையில் அப்பாவின் தொப்பியைக் கவிழ்த்தேன். அது மூக்குவரை இறங்கியும் கழற்ற விடவில்லை.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. “அங்க வந்து நான் அடுப்புப் பக்கமே போக மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். கடல் தண்ணியில கால வச்சிக்கிட்டு சும்மா நிப்பேன்.”

அவர் அதுவரை கடலில் கால் நனைத்ததில்லை. அந்தச் சும்மா நிற்பதற்காக இரண்டு நாள் நிற்காமல் சமைத்தார். வெயில் தாங்கும் சமையல்: புளிச்சோறு, சப்பாத்தி, நெத்திலி சம்பல், தண்ணீர் வற்ற வறுத்த கோழி. பெரிய பிரம்புக் கூடை நிறைந்துவிட்டது.

கிள்ளானிலிருந்து சித்தப்பா காரைக் கொண்டுவர ஒன்பதரை ஆகும். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். அப்பாவின் முகம் சுருங்கியது. நான் சும்மா இருப்பேனா? பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றேன். நல்ல நேரத்திலேயே ஒரு பையைக் கொண்டுபோய் இன்னொரு வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். பிறகு ஆட்கள் எப்போது கிளம்பினாலும் தோஷமில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் சம்மதித்தார்.

நான் கூடையைத் தூக்கினேன்.

“ஒரு துணிப்பைய வச்சா போதாதாடி?” என்றார் அம்மா.

“துணிப்பையின்னா மறந்துருவோம்மா. சாப்பாட்ட யாராச்சும் மறப்பாங்களா?”

இந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சித்தப்பா டயர் பஞ்சராகி வந்து சேர்ந்தபோது ராகு காலமே முடிந்துவிட்டிருந்தது. இனி பரஸ்தானம் யாருக்கு ஞாபகம் வரும்? வெயிலில் கார் அடுப்பாகக் கொதித்தது. “ஏறுங்க, ஏறுங்க!” என்று எல்லோரையும் விரட்டி ஏற்றியவள் நான். ஆன்ட்டியோ முன்கதவோரம் இருந்த கூடையைக் கவனிக்காமல், பின்வாசலைப் பூட்டிக்கொண்டு சுபாங் ஜெயாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு எப்போதோ போய்விட்டிருந்தார்.

சிரம்பான் தாண்டி ஒரு மர நிழலில் நிறுத்தினோம். அப்பா தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்து, “கூடைய எறக்கும்மா” என்றார்.

நான் காரைப் பார்த்தேன். கார் என்னைப் பார்த்தது.

“ராகுவ ஏமாத்தப் போயி சாப்பாட்ட அவனுக்கே படைச்சிட்டு வந்துட்டாளேலா!” என்று சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அம்மா என்னைத் திட்டவும் இல்லை. சித்தப்பாவிடம் திரும்பி, “இங்க அரிசி எங்க கெடைக்கும்?” என்று மட்டும் கேட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் இத்தனை வருடம் இது உறுத்தியிருக்காது.

அப்பாவுக்குக் கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அதனால் போன இடத்திலும் அம்மாவுக்கு அடுப்படிதான். பங்களாவின் சமையலறை ஜன்னல், ஏதோ வஞ்சம் வைத்தது மாதிரி, கடலுக்கு எதிர்ப்பக்கம் குப்பைத் தொட்டியைப் பார்த்து இருந்தது. நான் உதவிக்குப் போனேன், இல்லையென்று சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுக் கடலுக்கு ஓடிவிட்டேன். அலைச் சத்தத்தில் அம்மாவின் நினைப்பே வரவில்லை.

திங்கட்கிழமை காலை, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, அம்மா சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் இறங்கினார். பாதி தூரம்தான் போயிருப்பார். மூட்டைகள் காரில் ஏறியாயிற்று. அன்றைக்கு ஏழரைக்கு ராகு காலம்.

“அம்மா! நேரமாச்சு, ராகு காலம் வந்துரும். வந்து ஏறுங்க!”

கத்தியது அப்பா இல்லை, சித்தப்பா இல்லை. நான்தான். அம்மா ஒரு தடவை கடலைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து காரில் ஏறிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையே மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறது. பூட்டிய வீட்டுக்குள் மூன்று நாள் வெயிலில் வெந்த கோழி. ஆன்ட்டிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஆண்கள் கூடிக் கதவை உடைக்கப் போக, ஆன்ட்டியே டாக்சியில் வந்து இறங்கி, “யாரு செத்துட்டாங்க?” என்று கேட்டார். (அந்தக் கூடையை அவர் வீட்டிலிருந்து தூக்கிப்போனவள் யார் என்று சொல்லவும் வேண்டுமா?) இந்தக் கதையை அம்மாவே எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பார். மணலில் பாதி தூரம் நடந்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு தடங்கல். நான் சம்பாதித்து, கார் வாங்கி, சமைக்கவே வேண்டாத ஹோட்டலில் ரூம் எடுத்து அம்மாவை மறுபடி அழைத்துப்போனபோது, அவருடைய முட்டி மணலில் நடக்க விடவில்லை. “நீங்க போய்ட்டு வாங்க” என்று காரிலேயே உட்கார்ந்துவிட்டார். தம்பி ஓடிப்போய் ஒரு போத்தலில் கடல் தண்ணீர் பிடித்துவந்து அவர் பாதத்தில் ஊற்றினான். அம்மாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை. “ஐயோ, சூடா இருக்குடா!” என்று குழந்தை மாதிரி சிரித்தார்.

இப்போது வீட்டில் யார் கடற்கரைக்குக் கிளம்பினாலும், “அம்மாவுக்கு ஒரு போத்தல்!” என்று தம்பி கத்துவான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் திரும்பி வரும்போது நிஜமாகவே ஒரு போத்தலில் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறவள் நான் ஒருத்திதான்.