பேரணாம்பட்டு மண்டியில் தகவல் அளந்த படலம்

வாழ்க ராஜவேலு! நீலமைப் பேனா ஏந்திய நெடுங்கையன், கார்பன் தாள் மூன்றைக் கவசமாய்ப் பூண்டவன், இருபத்தோர் ஊர்களின் தொழில்களைக் கட்டம் கட்டமாய் மடக்கி வேலூர் அலுவலக அலமாரியில் சிறைவைத்த புள்ளிவிவர ஆய்வாளர் குலதிலகம்! 1984, மாசி மாதத்துக் கடைசி வியாழனன்று அவன் பேரணாம்பட்டுத் தோல் மண்டியின்மேல் படையெடுத்த திறத்தைச் சொல்லப் புகுந்தோம். கலைமகளே, மூக்கைப் பொத்திக்கொண்டாவது அருகில் நில்.

மாநில வருமானத்தில் நெல்லின் பங்கு தெரியும், தோலின் பங்கு தெரியும். தகவலைச் சொல்லியும் சுமந்தும் பிழைப்பவர் பங்கு மட்டும் தெரியாமல் தலைநகரத்து நிபுணர்கள் ஊண் உறக்கம் துறந்தனர். அன்னார் துயர் துடைக்க அவதரித்தது படிவம் ஏழு. தபால்காரரும் தந்திக்காரரும் அச்சகத்தாரும் பதினொரு கட்டங்களில் அடங்கினர். பன்னிரண்டாம் கட்டம் தரகர். அதில் ராஜவேலு முன்னமே சுழி போட்டு அனுப்பியிருந்தான், “பேரணாம்பட்டில் தகவலே இல்லையா?” என்று சிவப்பு மையில் சீறிக்கொண்டு அது திரும்பிவந்தது. இன்று நாலரை பஸ்ஸுக்குள் கட்டம் நிரம்பினால் திமிரிக்கு மாற்றல் என்பது அதிகாரி வாக்கு. திமிரியில் மனைவி சாவித்திரி; பெற்ற தகப்பனைக் கண்டால் யாரோ என்று வீறிடும் ஆறுமாதக் குழந்தை பூரணி. நிரம்பாவிட்டால் இன்னுமோர் ஆண்டு லாட்ஜ் வாசம்.

எதிரே வீற்றிருந்தார் தரகர் வாஹித் பாஷா. தோலைத் தொடாமலே தோலில் வாழ்பவர். எந்தத் தொழிற்சாலையில் சரக்கு தீர்ந்தது, எவருக்குக் கப்பல் காத்திருக்கிறது என்பதையெல்லாம் வெற்றிலைக்காவிப் பற்களின் பின்னே பூட்டிவைத்த கருவூலம்.

“பாய், ஒரு நாளைக்கு எத்தினி பேருக்குத் தகவல் சொல்றீங்க? உத்தேசமா சொன்னா போதும்.”

“எவனுக்கும் சொல்றதில்லியே சார். சொல்லிட்டா அப்புறம் என்னை எவன் கூப்புடுவான்?”

அம்மண்டியில் விலையை வாய் பேசாது. துண்டை விரித்து, அதன்கீழ் கையைக் கை பற்றி, விரலால் கேட்டு, விரலால் மறுத்து, இறுக்கிப் பிடித்தால் பேரம் முடிந்தது. பிடித்த பிடி பிடித்ததுதான். மூன்று மணி நேர முற்றுகையில் ராஜவேலு கண்டதெல்லாம் துண்டுகள் அலைபோல் எழுந்ததும் அடங்கியதுமே. மணி நாலு.

“ஒரு பேரம் எத்தினி நிமிஷம்னாவது பாக்க வுடுங்க பாய்!”

“பாக்க இன்னா சார் இருக்குது? கைய உள்ள வுடுங்க.”

இடக்கைக் கடிகாரத்தில் விழி பதித்து, மலைக்குகையுள் மதயானை துதிக்கை நுழைத்தாற்போல் வலக்கையைத் துண்டுக்குள் செலுத்தினான் வீரன். முப்பதாண்டுப் பழக்கத்தால் பாஷாவின் விரல்கள் தாமாகவே விலை சொல்லத் தொடங்கின. உள்ளங்கையில் ஒரு விரல் ஊர்ந்தது, இரண்டு ஊர்ந்தன. அம்பையும் மெமோவையும் அஞ்சாத ராஜவேலு கூச்சத்தை மட்டும் தாங்கமாட்டான். நெளிந்தான், இறுக்கிப் பிடித்தான்.

“முடிஞ்சிது! நூறு ஆட்டுத்தோல், சார் பேர்ல!” என்று மண்டி முழங்கிற்று.

“ஐயோ, நான் கவர்மெண்ட்டு ஆளு பாய்!”

“யாரா இருந்தா இன்னா, கை குடுத்துட்டீங்க. பேஜாராவாதீங்க, நானே வித்துத் தர்றேன்.”

சொன்ன வேகத்தில் தொழிற்சாலைக்குச் சரக்கெடுக்க வந்த அப்துல் ஹமீதின் கைமேல் துண்டு விழுந்தது. தோல் அசையவில்லை, சொல் பிறக்கவில்லை. இரண்டே நிமிடத்தில், தரகு போக, அறுபது ரூபாய் லாபம் ராஜவேலுவின் சட்டைப்பையில் செருகப்பட்டது.

திசைகள் விளங்கின. தலைநகரமே அளக்கமாட்டாத பொருளை அவன் அளந்துவிட்டான்! ஆனால் தகவல் தந்தவர் பெயரில்லாத கட்டம் செல்லாது.

“எம் பேரு வாணாம் சார். நாளைக்கு இங்க தொழில் பண்ணணும்.”

பஸ் ஹாரன் போர்முரசென அதிர்ந்தது. வாய்மை வழுவா வள்ளல், பன்னிரண்டாம் கட்டத்தில் நபர் ஒன்று, நேரம் இரண்டு நிமிடம், வருமானம் அறுபது, தகவல் தந்தவர் கே. ராஜவேலு, ஆய்வாளர் என மூன்று பிரதி அழுத்தி எழுதி, புறப்பட்ட பஸ்ஸின் படியில் தேரேறும் சோழனெனத் தாவி, வெற்றிப் புழுதி விண்ணை மறைக்க வேலூர் மீண்டான்.

பதினைந்து நாள் கழித்து, அரசு ஊழியர் தோல் வியாபாரம் செய்தது ஏன் என்று கேட்டு லாட்ஜ் விலாசத்துக்கு மெமோ வந்தது.