வாங்காதே என்று சொன்ன அரக்குச் சேர்

ரகசியத்தைக் கட்டிக்காப்பதில் அரக்குச் சேருக்கு ஈடான மனிதர் மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் பிறக்கவில்லை. அதனால்தான் அவர் காத்த ரகசியமெல்லாம் ஊருக்குத் தெரிந்திருந்தது.

யுத்தம் முடிந்த கையோடு கொழும்பு ஹோட்டல் கொம்பனியொன்று எங்கள் நகரத்தில் கிளைக் கந்தோர் திறந்தது. அவர் அங்கே தலைமைக் கிளாக்கர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் பியோன். கொழும்புக்குப் போகும் உறைகளில் அரக்கை உருக்கி முத்திரை வைப்பது அவர் வேலை; 'அரக்குச் சேர்' என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். தன் சோற்றுப் பார்சலுக்கும் வைப்பார். மத்தியானம் அதை உடைக்குமுன், "ஒருத்தரும் தொடல்ல" என்று அறிவிப்பார்.

ஒருநாள் கொழும்பிலிருந்து தடித்த உறை வந்தது. மாங்கேணிக் கடற்கரையில் பெரிய ஹோட்டல் கட்டப்போகிறார்கள். செய்தி வெள்ளிக்கிழமை வெளிவரும், பங்கு விலை ஏறும். அதுவரை உள்விஷயம் தெரிந்தவர்கள் பங்கு வாங்குவது குற்றம். வாசித்த சேருக்கு வியர்த்துவிட்டது. மேசை மேசையாகப் போய், "ஒருத்தரும் எங்கட கொம்பனிப் பங்கு வாங்கப்படாது. வாங்கினா பிடிச்சு மறியல்ல போடுவாங்க!" என்றார்.

வெளியாட்கள் தெரியாமல் வாங்கி மாட்டிக்கொள்வார்களே என்று அடுத்த கவலை. சைக்கிளை எடுத்துக்கொண்டு காத்தான்குடித் துணிக்கடை முதலாளி காக்காவிடமே போய்விட்டார்.

"காக்கா, வெள்ளி வரைக்கும் எங்கட பங்குப் பக்கம் போயிராதீங்க."

"பங்கெண்டா என்ன சேர்?"

"வாங்கப்படாத சாமான்."

"அப்ப அத எங்க விக்கிறாங்க?"

சுனாமி எனக்குக் கல்லடியில் அத்திவாரத்தை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. பங்கு ஏறினால் சுவர் எழும்பும். மனைவியின் சங்கிலியை விற்றேன். தரகரிடம் கணக்குத் திறக்கப் புறப்பட்டபோது பையில் அடையாள அட்டை இல்லை. தொலைந்ததென்று பொலிசில் சொல்லவும் பயம், சொல்லாமலிருக்கவும் பயம்.

"தேடாத மனே, என்னட்டத்தான் கிடக்கு. வெள்ளிக்கிழமை தாறன்," என்றார் சேர்.

"சேர்! காட் இல்லாம ஆமிச் சென்றியால எப்பிடிப் போற?"

"நான் கூட்டிப் போறன்."

நான்கு நாள் அவருடைய சைக்கிள் கரியரில் கல்லடிப் பாலத்தைக் கடந்தேன். முதல் நாள், நான் யார் என்பதை அரைகுறைச் சிங்களத்தில் சிப்பாய்க்குப் பத்து நிமிடம் விளக்கினார். மூன்றாம் நாள், தூரத்தில் எங்களைக் கண்டதுமே சிப்பாய் போகச்சொல்லிக் கைகாட்டிவிட்டான்.

வெள்ளிக்கிழமை விலை எகிறியது. சேர் எச்சரித்த கையோடு வாங்கி வைத்திருந்த காக்காவும் எங்கள் கந்தோர்ச் சாரதியும் விற்று லாபம் பார்த்தார்கள். நான் அட்டையை வாங்கிக்கொண்டு சேரோடு பேச்சை நிறுத்தினேன்.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து விசாரணை அதிகாரிகள் வந்தார்கள்.

"ரகசியத்த ஆருக்குச் சொன்னீங்க?"

"ஒருத்தருக்கும் சொல்லல்ல. வாங்க வேணாமெண்டுதான் சொன்னன்."

"எத்தின பேருக்கு?"

"ஏலுமான அளவு எல்லாருக்கும்."

அதிகாரி பேனாவை மூடினார். வாங்கியவனும் குற்றவாளி, சொன்னவனும் குற்றவாளி. சொன்னவனுக்கு ஒரு சதம் கிடைக்காவிட்டாலும் அப்படித்தானாம். காக்காவுக்கும் சாரதிக்கும் வழக்கு வந்தது. சேருக்கு வேலை போனது.

விசாரணையன்று, சேர் எச்சரித்தவர்களின் பட்டியலில் என் பெயரும் இருந்தது. கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இவர் வாங்கல்லியா?"

"எப்பிடி வாங்குவான்? காட் என்ர மேசை லாச்சிக்குள்ள கிடந்த. நான்தான் களவெடுத்த. அதையும் எழுதுங்க."

என் வீட்டுச் சுவர் எழும்ப இன்னும் மூன்று வருடம் சென்றது. அடுத்தவர் பேனாவைக்கூடத் தொடாத அந்த மனிதர் வாழ்நாளில் செய்த களவு ஒன்றே ஒன்று. அது என்னிடம் செய்ததாக இருப்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமைதான்.