ஒன்பது கட்டளைகளும் அப்பாவின் ஒரே பதிலும்

ஒன்பது வினைச்சொற்கள் கையில் இருந்தால் உலகத்தையே வளைத்துவிடலாம் என்று இருபத்திரண்டு வயதில் நான் நம்பினேன். (அப்போது என்னைப் பார்த்தவர்கள் இன்னும் கேமரன் மலையில்தான் இருக்கிறார்கள். பொய் சொல்ல வழியில்லை.)

முதல் குற்றவாளி மாமா. அவர் ஈப்போவிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரில் பழைய சாகச விளையாட்டுகள் சில இருந்தன. திரையில் மேலே படம், கீழே ஒன்பது கட்டளைகள்: திற, மூடு, தள்ளு, இழு, எடு, கொடு, பார், பேசு, பயன்படுத்து. 'திற'வை அழுத்திவிட்டுக் கதவை அழுத்தினால் கதாநாயகன் கதவைத் திறப்பான். 'தள்ளு' என்று நிலாவை அழுத்தினால் முடியாது என்பான். எழுதியவர்கள் யோசிக்காத எல்லாவற்றுக்கும் பொதுவாக இப்படி ஒரு மறுப்பு வசனம் வைத்திருப்பார்கள்.

எங்கள் வீட்டில் அந்த வசனம் அப்பா. தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணி. எதைக் கேட்டாலும், கேள்வி முடிவதற்குள் "அதெல்லாம் ஆவாது லா!" என்பார். பள்ளிச் சுற்றுலா ஆகாது, நாய்க்குட்டி ஆகாது, முடியைக் குட்டையாக வெட்டுவது ஆகவே ஆகாது. கே.எல். என்று நாங்கள் சொல்லும் கோலாலம்பூரில் விளையாட்டு தயாரிக்கும் சின்ன கம்பெனி ஒன்று என்னை வேலைக்குக் கூப்பிட்டபோதும் அதே பதில்தான்.

"இங்க ஆபீஸ்லயே கிராணி வேல காலியா இருக்கு. தொரைகிட்ட சொல்லி வச்சிருக்கேன். தீபாவளி விருந்துக்கு வருவாரு. உன் கம்ப்யூட்டர் வித்தைய அவருக்குக் காட்டு, போதும்."

கிராணி என்றால் குமாஸ்தா, துரை என்றால் மேனேஜர். எங்கள் தோட்டத்தில் இன்னும் அந்தப் பெயர்கள்தான்.

சரி, காட்டுகிறேன் என்றேன். நானே ஒரு விளையாட்டு செய்திருந்தேன். தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீட்டில் இருக்கும் ஒரு பெண், அப்பாவின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும் சான்றிதழை எடுத்துக்கொண்டு தானா ராத்தா டவுனில் பஸ் ஏற வேண்டும். (உள்குத்து யாருக்கும் புரியாது என்று நினைத்தேன்.) மறுப்பு வசனத்துக்கு யார் குரல் என்று நான் இரண்டாவது முறை யோசிக்கவில்லை. ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் போனை நாளிதழுக்கு அடியில் ஒளித்து வைத்து, பன்னிரண்டு "ஆவாது"களைப் பிடித்தேன். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. விருந்து மண்டபத்தில் அந்தக் குரல் வராது என்பதில் எனக்கு அவ்வளவு உறுதி. என் விளையாட்டு அத்தனை எளிது, எல்லாரும் சரியான கட்டளையைத்தானே அழுத்துவார்கள்!

தீபாவளி விருந்தன்று கம்ப்யூட்டர் முன் முதலில் உட்கார்ந்தவர் கொழுந்து பறிக்கும் முனியம்மா அக்கா. திரையில் வீட்டுக்குள் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் 'பேசு' என்றால் சாவி இருக்கும் இடத்தைச் சொல்வார்.

"என்னா புள்ள, வூட்டுக்கு ஆளு வந்திருக்கு. மொதல்ல தேத்தண்ணி குடுக்க வேணாமா?" என்று அக்கா 'கொடு'வை அழுத்தி, கேத்தலை அழுத்தி, அந்த அம்மாவையும் அழுத்தினார்.

தேயிலையிலேயே பிறந்து வளர்ந்த நான், அதை எழுதியிருக்கவில்லை.

"அதெல்லாம் ஆவாது லா!" என்று ஒலிபெருக்கி அலறியது.

பின்வரிசையில் யாரோ, "டேய், நம்ம கங்காணி!" என்றார்கள். மண்டபம் வெடித்தது. அப்பாவின் கையில் முறுக்கு பாதி வழியில் நின்றது.

அதன் பிறகு ஜெயிக்க யாருக்கும் ஆசையில்லை. அந்த அம்மாவுக்குப் பாயைக் கொடு, அடுப்பைத் தள்ளு, கோழியோடு பேசு என்று வரிசையில் நின்று திட்டு வாங்கிக்கொண்டார்கள். அப்பாவை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்போதுதான் துரை எழுந்தார். "நானும் ஒரு தடவ பாக்குறேன்." உட்கார்ந்து, 'இழு' என்று ஜன்னலை அழுத்தினார். வந்தது பன்னிரண்டாவது பதிவு. (வெட்டிச் சுருக்க மறந்த ஒரே பதிவு.)

"அதெல்லாம் ஆவாது லா! தொரைக்கு என்னா தெரியும்? கொழுந்துக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன்!"

தொடர்ந்து என் அம்மாவின் குரல்: "மெதுவா பேசுங்க, யாருக்காச்சும் கேட்டுடப் போவுது."

கிராணி வேலை கிடக்கட்டும், அப்பாவின் கங்காணி வேலை போனால் குடியிருக்கும் லயத்து வீடும் போய்விடும். நான் செய்தது விளையாட்டு இல்லை என்று அந்த நிமிடம்தான் உறைத்தது.

துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மறுபடியும் அதே ஜன்னலை இழுத்தார். அதே பதில், அதே அம்மா. துரை விழுந்து விழுந்து சிரித்தார்.

"கங்காணி, நாளைக்குக் காலைல வந்து கொழுந்து எதுன்னு எனக்குக் காட்டுங்க," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா உனக்கு ஆபீஸ்ல வேல இல்லம்மா. நான் பேசுறதையும் புடிச்சு வச்சுக்குவ."

இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை. விளையாட்டை விளக்க வாங்கிய மைக் வேறு கையில் இருந்தது. "அப்பா, அப்ப நான் கே.எல். போகட்டுமா?"

அப்பா மூச்சை இழுத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மொத்த மண்டபமும், துரை உட்பட, ஒரே குரலில் கத்தியது: "அதெல்லாம் ஆவாது லா!"

திறந்த வாயை என்ன செய்வது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. முறுக்கைக் கடித்து, மென்று, முழுங்கினார்.

"போ," என்றார். "ஆனா மொதல்ல அந்தம்மாவுக்குத் தேத்தண்ணி குடுக்க ஒரு வழி எழுதிட்டுப் போ."

எழுதிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அன்றிலிருந்து அப்பாவால் அந்த வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடிந்ததில்லை. ஓய்வு பெற்று ரிங்லெட்டுக்குக் குடிபோன பிறகும், "அதெல்லாம்" என்று அவர் ஆரம்பித்தால் காய்கறிக் கடைக்காரர் முடித்து வைக்கிறார். என் கணவர் பெண் கேட்டு வந்த அன்று அம்மா முடித்து வைத்தார்.

போன மாதம் என் மகள் அவரிடம் இரண்டாவது ஐஸ்கிரீம் கேட்டாள். அப்பா இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. ஆசை தீர, முழுசாக, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "அதெல்லாம் ஆவாது லா!"

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "மெதுவா பேசுங்க, யாருக்காச்சும் கேட்டுடப் போவுது."